ரே சார்லஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளூஸ், சோல் பக்கம் புதிதாக வருகிறவர்கள் ரே சார்லஸைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சில பதில்கள் நீண்டுவிட்டன. விஷயம் அப்படி.

ரே சார்லஸ் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1930 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்து மாநிலமான ஃபுளோரிடாவில், கிரீன்வில் என்ற சின்ன ஊரில். முழுப்பெயர் ரே சார்லஸ் ராபின்சன். குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் அப்போது ஏற்கெனவே பெரும் புள்ளி என்பதால், குழப்பம் வேண்டாமென்று ராபின்சனை வெட்டிவிட்டார். பாடுவார், பியானோ வாசிப்பார், ஆல்டோ சாக்ஸபோன் ஊதுவார், பாட்டு எழுதுவார், முழு இசைக்குழுவுக்கும் இசைக்கோர்ப்பு செய்வார். 2004 ஜூன் 10 அன்று தமது 73ஆம் வயதில் காலமானார்.

அவர் செய்தவற்றில் கடைசியாகச் சொன்ன இசைக்கோர்ப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘கண் தெரியாத மனிதர், மனசில் இருந்த வலியைக் கொட்டிப் பாடினார்’ என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி சுத்தமான கணக்கு: டிரம்பெட் எந்த இடத்தில் நுழைய வேண்டும், டிரம்ஸ் எவ்வளவு நிதானிக்க வேண்டும், எந்த வார்த்தையில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

சோல் புளூஸ் என்பது என்ன? இவரை அதில் சேர்க்கலாமா?

புளூஸின் அடிப்படை வடிவம் பன்னிரண்டு தாளக்கட்டுகள் கொண்ட ஒரு சுற்று. பெரும்பாலும் ஒரு வரியைச் சொல்லி, அதையே மறுபடி சொல்லி, மூன்றாவது வரியில் முடிப்பார்கள். காஸ்பல் என்பது கறுப்பின மக்களின் தேவாலய இசை. பாடகர் ஒரு வரியை வீச, கூட்டம் பதில் கொடுக்கும். குரல் ஒரே எழுத்தின்மேல் ஏறி இறங்கி உருளும், ஆவேசம் வந்தால் கத்தும். புளூஸின் உடம்பில் இந்தத் தேவாலயக் குரலை ஏற்றினால் கிடைப்பது சோல் புளூஸ்.

இந்தப் பெயர் பின்னால் வந்தது. பாபி பிளாண்ட், லிட்டில் மில்டன், ஸி. ஸி. ஹில் போன்றவர்களை வைத்துத்தான் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 1980களில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரிலிருந்த மலாகோ இசைத்தட்டு நிறுவனம் இந்த இசையை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் இவர்கள் எல்லோரும் நடந்த பாதையை வெட்டியதில் ரேயின் பங்கு பெரிது. பாப், ஜாஸ், கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற வெள்ளையரிடையே வளர்ந்த இசை) என்று எங்கெங்கோ போனவரை ஒரே பெட்டியில் அடைக்க முடியாதுதான். ஆனாலும் எங்கே போனாலும் புளூஸைக் கையோடு கொண்டுபோனார்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவரா?

இல்லை. நான்கைந்து வயதுவரை நன்றாகவே தெரிந்தது. அந்த வயதில்தான் தம்பி ஜார்ஜ், அம்மா துணி அலசும் பெரிய தொட்டியில் விழுந்து, இவர் கண்ணெதிரிலேயே இறந்துபோனான். இவர் இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட ஓடினார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, ஏழு வயதில் முழுவதும் போய்விட்டது. குளுகோமா என்ற கண் அழுத்த நோயாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

அம்மா அரீதா அடுத்த வீடுகளுக்குத் துணி துவைத்துப் பிழைத்தவர். பையனைப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. விறகு பிளக்கச் சொன்னார், தண்ணீர் சுமக்கச் சொன்னார். அக்கம்பக்கத்தார் ஏசியும் அவர் மாறவில்லை. தாம் எப்போதும் இருக்கப்போவதில்லை என்பதுதான் அவருடைய கவலை. நடந்ததும் அதுதான்: 1945இல், ரேயின் பதினான்காவது வயதில், அவர் போய்ச் சேர்ந்தார். கைத்தடி, வழிகாட்டி நாய், கிட்டார் மூன்றும் தமக்கு வேண்டவே வேண்டாம் என்று ரே பிற்காலத்தில் சொன்னதற்கு இந்த வளர்ப்பே காரணம். தெருவோரம் கிட்டாரோடு உட்கார்ந்து பிச்சையெடுக்கும் பார்வையற்ற புளூஸ்காரர் என்ற பிம்பம் அவருக்கு அறவே ஆகாது.

பியானோவை யாரிடம் கற்றார்?

முதல் ஆசிரியர் வைலி பிட்மன். கிரீன்வில்லில் ரெட் விங் கஃபே என்ற கடை நடத்தியவர். பூகி-வூகி என்ற வேகமான புளூஸ் பாணியில் பியானோவை அடித்து நொறுக்குவார். சத்தம் கேட்டதும் பொடியன் ரே ஓடிவந்து நிற்பானாம். மடியில் தூக்கி உட்காரவைத்து, ஒரு விரலால் மெட்டை எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்திருக்கிறார் பிட்மன். விரட்டாமல் இருந்ததே பெரிய விஷயம்.

முறையான பாடம் 1937 முதல் 1945 வரை, செயின்ட் அகஸ்டினில் இருந்த காது கேளாதோர், பார்வையற்றோருக்கான ஃபுளோரிடா அரசுப் பள்ளியில். பாக், மொசார்ட், பேத்தோவன் எல்லாம் அங்கே கற்றதுதான். ஜாஸும் புளூஸும் வகுப்புக்கு வெளியே. அந்தப் பள்ளியிலும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், கறுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கம். பார்வையே இல்லாத குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள்.

பார்வை இல்லாமல் நோட்ஸ் எப்படிப் படித்தார்? எப்படி எழுதினார்?

தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தில் இசைக்கென்றும் குறியீடு உண்டு. ஆனால் பியானோவுக்கு அது லேசான காரியமில்லை. விரலால் தடவித்தான் படிக்க முடியும் என்பதால், படிக்கும்போது அந்தக் கையால் வாசிக்க முடியாது. இடது கையால் தடவிக்கொண்டே வலது கைப் பகுதியை வாசித்துப் பழக வேண்டும். பிறகு கையை மாற்றி மறுபகுதி. இரண்டும் மனப்பாடமான பிறகுதான் சேர்த்து வாசிக்க முடியும். நாலைந்து கட்டுகள், பிறகு அடுத்த நாலைந்து என்று நகர வேண்டும். இப்படி வருஷக்கணக்கில் படித்தவனுக்கு ஒரு பாட்டு முழுவதும் தலைக்குள்ளேயே நிற்கும்.

எழுதும்போது அது கைகொடுத்தது. குழுவில் ஒருவரைக் காகிதம் பென்சிலோடு உட்காரவைத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான சுரங்களையும் வாயாலேயே சொல்லிக்கொண்டு போவார். டெனர் சாக்ஸபோனுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது, டிராம்போனுக்கு இது என்று வரிசையாக வரும். மொத்தமாகச் சேர்ந்து எப்படி ஒலிக்கும் என்பது அவர் தலைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சியாட்டிலில் இவரைச் சந்தித்தபோது குவின்சி ஜோன்ஸ் பள்ளிக்கூடப் பையன், இவரைவிட இரண்டரை வயது இளையவர். இசைக்கோர்ப்பின் ஆரம்பப் பாடங்கள் சிலவற்றை அவர் கற்றது ரேயிடம்தான். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பங்களைத் தயாரித்த அதே குவின்சி ஜோன்ஸ்தான்.

ஃபுளோரிடாக்காரர் எதற்கு சியாட்டிலுக்குப் போனார்?

அம்மா போன பிறகு ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, டாம்பா என்று கிடைத்த இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். சில நாள் பட்டினியும் கிடந்தார். ஒருநாள் நண்பரிடம் வரைபடத்தைப் பார்த்து, இங்கிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் பெரிய ஊர் எது என்று கேட்டாராம். வந்த பதில் சியாட்டில். 1948இல், பதினேழு வயதில், பஸ் ஏறிவிட்டார்.

ஆரம்பத்தில் பிறரைக் காப்பியடித்துத்தான் பாடினார் என்கிறார்களே?

உண்மைதான். அவரே ஒப்புக்கொண்டதும்கூட. அப்போது புகழ்பெற்றிருந்த பாடகர்களான நாட் கிங் கோலின் வழுவழுப்பு, சார்லஸ் பிரவுனின் தூக்கம் தோய்ந்த சோகம் இரண்டையும் அச்சாக எடுத்துப் பாடினார். 1949இல் வந்த முதல் இசைத்தட்டான ‘கன்ஃபெஷன் புளூஸ்’ கேளுங்கள். ரே சார்லஸ் என்று சொல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. காலையில் எழுந்ததும், தம்மை எல்லோரும் நாட் கோல் மாதிரிப் பாடுகிற பையன் என்கிறார்களே தவிர, பெயர் யாருக்கும் தெரியவில்லையே என்ற எண்ணம் அவரை அரித்திருக்கிறது.

1952இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் இவருடைய ஒப்பந்தத்தை 2,500 டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் ஆமெத் எர்டெகன் இவரை இவர் போக்கில் விட்டார். என் கணிப்பில் உண்மையான திருப்பம் வேறொருவர் பாட்டில் நடந்தது. 1953இல் நியூ ஆர்லியன்ஸில் கிட்டார் ஸ்லிம் என்ற புளூஸ்காரர் பாடிய ‘தி திங்ஸ் தட் ஐ யூஸ்டு டு டு’ பாட்டுக்குப் பியானோவும் இசைக்கோர்ப்பும் ரே. ஸ்லிம்முக்கு வழுவழுப்பெல்லாம் தெரியாது, பிரசங்கி மாதிரி தொண்டை கிழியப் பாடுவார். பாட்டு பெரிய ஹிட். பக்கத்தில் பியானோவில் உட்கார்ந்திருந்தவருக்கு அது காதில் விழாமலா போயிருக்கும்?

கடவுள் பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று ஏன் திட்டினார்கள்?

1954இல் இசைக்குழுவோடு காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது வானொலியில் சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் காஸ்பல் பாட்டு ஓடியது. குழுவில் டிரம்பெட் வாசித்த ரெனால்ட் ரிச்சர்டோடு சேர்ந்து அதன் நடையில் புதுப் பாட்டு ஒன்றை உருவாக்கினார். இயேசு இருந்த இடத்தில் காதலி. நவம்பரில் அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையத்தின் அறையில் ஒலிப்பதிவு செய்தார்கள். அதுதான் ‘ஐ காட் எ வுமன்’. 1955இல் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ், அன்றைய கறுப்பின மக்களின் வெகுஜன இசை) விற்பனை வரிசையில் முதலிடம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பாட்டை சனிக்கிழமை இரவுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று தேவாலயத்தார் கொதித்தார்கள். பழைய புளூஸ் மேதை பிக் பில் புரூன்சிக்கே இது பிடிக்கவில்லை. புளூஸையும் பக்திப் பாட்டையும் கலக்கக் கூடாது, இந்தக் குரல் தேவாலயத்தில் பாட வேண்டிய குரல் என்றார். எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது என்பதைக் கவனியுங்கள். ரே அசரவில்லை. தாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவை இந்த இரண்டும்தான், இதில் எதை விடுவது என்பது அவர் நிலை. பிறகு தேவாலயக் கோரஸின் இடத்துக்கு ரேலெட்ஸ் என்ற பெண்கள் குழுவையும் சேர்த்துக்கொண்டார். அதில் மார்ஜி ஹெண்ட்ரிக்ஸ் தனிக் கவனத்துக்கு உரியவர். ‘நைட் டைம் இஸ் தி ரைட் டைம்’ பாட்டில் அவர் உள்ளே நுழையும் இடத்தில் ரேயே ஒரு கணம் சின்னவராகத் தெரிவார்.

‘வாட் ஐ சே’ மேடையிலேயே பிறந்த பாட்டா?

ஆமாம். 1958 கடைசியில் ஒரு நடன நிகழ்ச்சி. ஒப்புக்கொண்ட நேரம் முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி, கைவசம் பாட்டு எதுவும் பாக்கி இல்லை. சும்மா நான் செய்வதைப் பின்தொடருங்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டு, எலெக்ட்ரிக் பியானோவில் இடது கையால் ஒரு அடிநாதச் சுழலைத் தொடங்கினார். லத்தீன் சாயலில் டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. உள்ளே இருப்பது அதே பழைய பன்னிரண்டு கட்டு புளூஸ்தான். வரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வாயில் வந்தபடி வந்தன. பிறகு ரேலெட்ஸ் பக்கம் திரும்பி, நான் சொல்வதையே திருப்பிச் சொல்லுங்கள் என்றார். அவர் முனக, அவர்கள் முனக, தரை அதிர ஆரம்பித்ததாம்.

அந்த எலெக்ட்ரிக் பியானோவுக்கும் ஒரு காரணம் உண்டு. போகிற ஊரில் எல்லாம் சுருதி கெட்ட பியானோ மாட்டும் என்பதால் வுர்லிட்சர் ஒன்றைக் கையோடு தூக்கிப்போவார். கூட இருந்த வாசிப்பாளர்கள் அதைக் கேலி செய்தார்கள். 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒலிப்பதிவானபோது பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டது. ஒலிப்பதிவாளர் டாம் டௌட் அதை வெட்டி, இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் பிரித்தார். முனகல் ஆபாசம் என்று சில வானொலி நிலையங்கள் ஒதுக்கின. பாப் வரிசையில் ஆறாவது இடம்வரை போனது.

அட்லாண்டிக்கை ஏன் விட்டார்?

பணம். அதைவிட முக்கியமாக, உரிமை. 1959 இறுதியில் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனம் நல்ல முன்பணத்தோடு, மாஸ்டர் டேப்கள் எனப்படும் மூல ஒலிநாடாக்கள் காலப்போக்கில் ரேக்கே சொந்தமாகும் என்ற ஏற்பாட்டையும் தந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைப் பாடகர்களுக்கே லேசில் கிடைக்காத சலுகை அது. எத்தனையோ புளூஸ்காரர்கள் ஒரு புட்டி சாராயத்துக்கும் கைச்செலவுக்கும் தங்கள் பாட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். படிக்க முடியாத ஒப்பந்தத்தைக் காதால் கேட்டே இவர் பேரம் பேசினார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் சொந்தக் கட்டடம், சொந்த ஸ்டுடியோ, டேஞ்சரின் என்ற சொந்த லேபிள். ஒலிக்கலவை மேசையில் அவரே உட்கார்ந்து வேலை செய்வார். எந்தக் குமிழ் எங்கே என்று விரலுக்குத் தெரியும். சம்பளம் கொடுப்பதில் கெட்டி, தப்பாக வாசித்தால் தண்டம் போடுவார் என்று இசைக்குழுவினர் புலம்பியதும் உண்டு.

புளூஸ்காரர் கன்ட்ரி பாடியது வியாபாரத்துக்காகவா?

வியாபாரம் என்றால், அது நஷ்டத்தில் முடியும் என்றுதான் நிறுவனத்தில் பயந்தார்கள். சிறுவயதில் சனிக்கிழமை இரவுகளில் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்டவர் ரே. டாம்பாவில் வெள்ளையர்களின் கன்ட்ரி குழு ஒன்றிலேயே வாசித்திருக்கிறார். 1962இல் வந்த அவருடைய கன்ட்ரி ஆல்பம் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. டான் கிப்சன் எழுதிய ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ 5 வாரம். வயலின்களின் பாகு எனக்குச் சற்றுத் திகட்டும். ஆனால் கோரஸ் பளபளவென்று நேராகப் பாட, அவர் மட்டும் அரைத் தாளம் பின்தங்கி ஒவ்வொரு வரியையும் இழுத்துக்கொண்டு வருவார். அது கலப்படமில்லாத புளூஸ்.

ஜார்ஜியா மாநிலம் இவருக்குத் தடை விதித்ததா?

இல்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘ரே’ படத்தைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. நடந்தது இதுதான்: 1961 மார்ச்சில் ஆகஸ்டா நகரில் நிகழ்ச்சி. நடனத் தளம் வெள்ளையருக்கு, கறுப்பர்கள் மாடத்தில் என்று ஏற்பாடு. அங்கிருந்த பெயின் கல்லூரி மாணவர்கள் இதைத் தெரிவிக்க, ரே வாசிக்க மறுத்துவிட்டார். ஏற்பாட்டாளர் வழக்குப் போட்டார், 757 டாலர் கட்ட வேண்டி வந்தது. அவ்வளவுதான். தடையும் இல்லை, பிறகு சட்டமன்றம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. 1960இல் இவர் பாடி முதலிடம் பிடித்த ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ 1979இல் மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலானது நிஜம். சட்டமன்றத்தில் அவரே வந்து பாடினார்.

இதையும் சொல்லியாக வேண்டும். 1981இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பாடினார். கலைஞர்கள் அந்நாட்டைப் புறக்கணித்துக்கொண்டிருந்த காலம். கண்டனங்கள் வந்தன, அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆகஸ்டாவை மட்டும் சொல்லி இதை விழுங்கிவிடும் கட்டுரைகள் எனக்கு ஒப்பவில்லை.

போதைப் பழக்கம்?

பதின்வயதின் இறுதியில் தொடங்கிய ஹெராயின், 1965 வரை. பலமுறை கைதானார். பாஸ்டன் விமான நிலையத்தில் பிடிபட்ட வழக்கு பெரிதானதும், கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தினார். சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. பழக்கம் யாரும் தம்மேல் திணித்ததல்ல, தாமே தேடிப்போனது என்பார். ஜின்னைக் காப்பியில் கலந்து குடிப்பது மட்டும் தொடர்ந்தது. கடைசியில் உயிரைக் குடித்தது கல்லீரல் நோய்.

குடும்பம்?

இரண்டு திருமணம், இரண்டும் விவாகரத்து. பன்னிரண்டு பிள்ளைகள். நல்ல தகப்பன் என்று அவரைச் சொல்ல முடியாது.

‘ரே’ படம் பார்த்தால் போதுமா?

ரேயாக நடித்த ஜேமி ஃபாக்ஸ் ஆஸ்கர் வாங்கியது நியாயம்தான். திரைக்கதையை பிரெயிலில் படித்து ரே ஒப்புதல் கொடுத்திருந்தார், ஆனால் படம் திரைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். படம் போதையையும் தம்பியின் சாவையும் நூல் பிடித்தாற்போல் இணைத்துக் காட்டுகிறது. பிரெயில் வகுப்புகளுக்கும், சுரம் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளும் இரவுகளுக்கும் அதில் அவ்வளவு இடமில்லை.

கடைசி ஆல்பம் எது?

‘ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி’. பலரோடு சேர்ந்து பாடியது. இறந்த மூன்று மாதத்துக்குள் வெளியாகி, 2005இல் எட்டு கிராமி விருதுகளை அள்ளியது. அதில் ‘ஹியர் வீ கோ அகெய்ன்’ பாட்டில் உடன் பாடும் நோரா ஜோன்ஸ், சிதார் மேதை ரவிசங்கரின் மகள். குரல் தளர்ந்துபோன காலத்து ஆல்பம் என்பதை மறைக்க முடியாது. விருதுகளில் ஒரு பங்கு அனுதாபம் என்பது என் எண்ணம்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘ஹிட் தி ரோட் ஜாக்’ எப்படியும் காதில் விழுந்திருக்கும். அதை எழுதிய பெர்சி மேஃபீல்டும் ஒரு புளூஸ்காரரே. அதை விட்டுவிட்டு, 1959 மே மாதம் அட்லாண்டாவில் திறந்தவெளி மைதானத்தில் பதிவான ‘டிரவுன் இன் மை ஓன் டியர்ஸ்’ பாட்டுக்குப் போங்கள். மழை நாள். உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர் ஒற்றை மைக்கை வைத்துப் பதிவு செய்தது. ஸ்டுடியோ வடிவத்தைவிட மிகவும் மெதுவாக எடுக்கிறார், இதற்கு மேல் மெதுவாகப் போனால் தாளம் நின்றே போகும் என்கிற அளவுக்கு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் கத்துவது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான்.